கூடுதலாய் முப்பத்தொன்று

“செண்பகமா? அது கதவத் தட்டுறதுக்கே கால் மணி நேரம் நிக்கும்லா. அது என்ன தப்பு பண்ணப் போவுது?” என்று ராஜகனி அக்கா சொல்லிக்கொண்டிருந்தது, கழுவும் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே எனக்குக் கேட்டது. உடைந்துபோன ஒரு அளவுக் குடுவையைப் பற்றிய பேச்சு. யார் உடைத்தது என்று அலுவலகத்து அம்மாள் கேட்டிருக்க வேண்டும், ஆய்வகத்தில் இருக்கிற ஐந்து பேர் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும், என் பெயர் வந்ததும் அக்கா சிரித்துவிட்டு அப்படிச் சொல்லியிருக்கிறாள். நான் டிஎன்ஏவை மின்சாரத்தில் ஓட்டிப் பார்க்கிற ஜெல் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடைவழியில் நின்றேன். நல்ல வார்த்தைதான். என்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொல்கிறாள். ஆனாலும் முதுகில் யாரோ ஈரக்கையை வைத்த மாதிரி இருந்தது. அவள் ஏன் கதவைச் சொன்னாள்? செண்பகம் பொறுமையான பிள்ளை என்று சொல்லியிருக்கலாம், கண்ணாடிச் சாமானை முட்டையைப்போலத் தூக்கும் என்று சொல்லியிருக்கலாம். பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை நான் எங்கள் வழிகாட்டி ஹெப்சிபா மேடத்தின் அறைக்கு வெளியே நின்றதை அக்கா பார்த்திருப்பாளோ. நின்றதையும், தட்டாமல் திரும்பிப் போனதையும். பார்த்திருந்தால்தான் என்ன, பார்த்தவளுக்கு அது ஒரு சிரிப்பு. திரும்பிப் போய் நான் என்ன செய்தேன் என்று அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நேற்று முன்தினம் வரை எனக்கே தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும்.

தட்டைப் பெட்டிக்குள் இறக்கி, குழிகளில் துளிகளை இட்டு, மூடியை மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். நூறு வோல்ட், நாற்பது நிமிடம். மணி பதினொன்று இருபது. இரண்டு ஓரத்துக் கம்பியிலிருந்தும் ஊசிமுனை அளவு குமிழிகள் எழும்பி வந்தன. கறுப்பிலிருந்து சிவப்புக்கு, கறுப்பிலிருந்து சிவப்புக்கு என்று கம்பியின் நிறத்தை மூன்று தடவை பார்த்தேன். மாற்றி மாட்டியிருந்தால் எல்லாம் பின்பக்கமாக ஓடித் தண்ணீரில் கரைந்துபோகும், ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாமல் போனால் நல்லதுதானே என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததே பயமாக இருந்தது. சரியாகத்தான் மாட்டியிருந்தேன். நான் எப்போதும் சரியாகத்தான் மாட்டுவேன். ஐந்து குழிகள். காலையிலேயே எங்கள் கட்டுரைக்கு உரிய மரபணுவை டிஎன்ஏவிலிருந்து பெருக்கிவைத்திருந்தேன், அது இருந்தால் குழிக்கு நேரே ஒரு பட்டை ஒளிரும். முதல் குழியில் அளவு பார்க்கிற கலவை. இரண்டாவதில் பழைய பாசி வளர்ப்பிலிருந்து எடுத்த டிஎன்ஏ. மூன்றாவதில் மருந்து போட்டுச் சுத்தம் செய்த பிந்தைய வளர்ப்பின் டிஎன்ஏ. நான்காவதில் வெறும் தண்ணீர். ஐந்தாவதிலும் அதே சுத்தம் செய்த வளர்ப்பு, ஆனால் வேறொரு மரபணுவுக்கு, அந்த டிஎன்ஏ கெட்டுப்போகவில்லை என்று காட்டுவதற்காக. இரண்டிலும் மூன்றிலும் பட்டை தெரிந்தால் ஒன்றுமில்லை, நான் ஒரு பைத்தியம், இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் அலைந்ததற்கு என்னை நானே திட்டிக்கொண்டு கேன்டீனில் போய் ஒரு பருப்பு வடை தின்னலாம். இரண்டில் மட்டும் தெரிந்து மூன்றில் தெரியாவிட்டால். அதற்கு மேல் மனசு போக மாட்டேன் என்கிறது, பள்ளத்துக்குப் பக்கத்தில் வந்த மாடு மாதிரி காலை ஊன்றிக்கொள்கிறது. மேடம் பன்னிரண்டரைக்குக் காரில் மதுரைக்குக் கிளம்புகிறார், அங்கிருந்து விமானம். கிளம்புவதற்கு முன்னால் எங்கள் கட்டுரையின் ப்ரூஃபைத் திருத்திப் பத்திரிகைக்கு அனுப்பிவிடுவார். அச்சாகிவிடும். என் பெயர்தான் முதல் பெயர்.

அப்பாவுக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. அப்பா கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் வாசல் காவல். நூற்றைம்பது கோடி வருஷத்துக்கு முன்னால் ஒரு செல் ஒரு நீலப்பச்சைப் பாசியை விழுங்கிற்று அப்பா, செரிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டது, அதுதான் இன்றைக்கு இலைக்குள் பச்சையாக இருக்கிற பசுங்கணிகம் என்றேன். சரி என்றார். போகப்போக அந்தப் பாசியின் மரபணுக்கள் பெரும்பாலும் ஒவ்வொன்றாக வீட்டுக்காரச் செல்லின் உட்கருவுக்குக் குடிபோய்விட்டன, அதனால் பசுங்கணிகத்துக்கு வேண்டிய புரதங்கள் இப்போது வெளியே தயாராகின்றன, ஆயிரக்கணக்கில், அத்தனையும் திரும்ப உள்ளே போக வேண்டும், அதற்கு வாசல் இருக்கிறது என்றேன். வாசல் என்றதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். உள்ளே போகிற ஒவ்வொரு புரதத்தின் தலைமாட்டிலும் ஒரு துண்டு ஒட்டியிருக்கும், வாசலில் இருக்கிற காவல் புரதங்கள் அந்தத் துண்டைப் பார்த்துத்தான் விடும், உள்ளே போனதும் அந்தத் துண்டை வெட்டிவிடுவார்கள். “அட, டோக்கன வாங்கிப் பலகையில மாட்டுறதுதான். நான் பாக்குற வேலைய இந்தத் தம்மாத்துண்டு பாக்குதாக்கும்!” என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மா, “அதுக்காவது சம்பளத்த ஒழுங்காக் குடுக்காங்களாமா?” என்றாள். நாங்கள் ரொம்ப நேரம் சிரித்தோம். பிறகுதான் அப்பா கேட்டார், நான் எதிர்பார்க்காத கேள்வி. அந்தக் காவக்காரன் யாரு வச்ச ஆளு, விழுங்குனவன் ஆளா, உள்ள போனவன் ஆளா? அதுதான் அப்பா எங்கள் ஆராய்ச்சியே என்றேன். வாசலின் சுரங்கமாக இருக்கிற புரதம் பாசியுடையது, அதில் சந்தேகமில்லை, பாசி தன் வெளிச்சவ்வில் வைத்திருந்த பழைய வழியைத் திருப்பிப் பயன்படுத்திக்கொண்டார்கள். காவல் புரதங்கள் மட்டும் வீட்டுக்காரச் செல் பிற்பாடு உண்டாக்கினவை, நீலப்பச்சைப் பாசிகளில் அவற்றுக்குச் சொந்தமே கிடையாது என்று உலகமெல்லாம் சொல்கிறது. நாங்கள் ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்திருக்கிறோம். ஒரு கல்குவாரிக் குட்டையில். நான் எடுத்துவந்த தண்ணீரில். அப்பாவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்பதை இப்போது நினைக்கக் கூடாது.

டிஎன்ஏவோடு ஓடுகிற நீலச் சாயம் குழியை விட்டு ஒரு அரிசி நீளம் நகர்ந்திருக்கிறது. பதினொன்று இருபத்தொன்பது. கையுறைக்குள் விரல்கள் வியர்த்து ஊறிக்கிடந்தன. அந்தக் குவாரி எப்போதோ கைவிடப்பட்டது. பாறையை வெட்டி வெட்டிப் படிபடியாக இறங்கிக் கடைசியில் தண்ணீர் ஊறிவிட்டதால் விட்டுப் போயிருந்தார்கள். தண்ணீரின் ஓரத்தில் பாறை மேல் மெல்லிய கரும்பச்சைத் தோல், விரல் நகத்தால் சுரண்டினால் வெல்வெட்டுத் துணி மாதிரி உரிந்து வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அங்கே பேச யாரும் இல்லை. அதை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து வளர்த்து, மற்ற உயிர்களிலிருந்து பிரிக்க வேண்டும். பிரிக்கிறபோது ஒரு மருந்து சேர்க்க வேண்டும், சைக்ளோஹெக்சிமைட். உட்கரு உள்ள உயிர்களை, சாதாரணப் பச்சைப்பாசி, பூஞ்சை இவற்றையெல்லாம் அது கொன்றுவிடும், நீலப்பச்சைப் பாசியை ஒன்றும் செய்யாது. கொடிய விஷம், அதனால் பூட்டிய அலமாரியில் இருக்கும், சாவி மேடத்தின் கைப்பையில், எடுக்கிறவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், மேடமும் போட வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் சாவி கேட்கப் போனேன். உள்ளே மேடம் தொலைபேசியில் யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். சத்தம் நின்றது. நின்றதும் தட்டலாம் என்று கையைத் தூக்கினேன். சத்தம் நின்ற உடனே தட்டினால் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்ததாக நினைப்பாரோ என்று கையை இறக்கினேன். கொஞ்சம் பொறுத்துத் தட்டலாம் என்று நின்றேன். பொறுத்த பிறகு, இவ்வளவு நேரம் கழித்து எதற்குத் தட்டுகிறாள் என்று தோன்றுமே என்று நினைத்தேன், அவருக்கு நான் நிற்பதே தெரியாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கதவில் பெயர்ப்பலகையின் நான்கு திருகாணிகளில் ஒன்று மட்டும் பித்தளை. அதைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் நின்றேன். பிறகு திரும்பி வந்து மருந்து இல்லாமலேயே பாசி வளர்க்கும் தட்டுகளில் கூழை ஊற்றினேன். அடுத்த முறை பாசியைத் தட்டு மாற்றும்போது சேர்த்துக்கொள்ளலாம், நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம். நாளைக்கும் கேட்கவில்லை. ஆனால் நோட்டில் எழுத வேண்டியிருந்தது. முந்தின பக்கத்தில் இருந்த செய்முறையைப் பார்த்து வரிக்கு வரி அழகாக எழுதினேன், ஆறாவது வரி, சைக்ளோஹெக்சிமைட் சேர்க்கப்பட்டது. பொய் என்று நினைத்து எழுதவில்லை. கை தன்பாட்டுக்கு எழுதிற்று. என் கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று மேடம் அந்தப் பக்கத்தைத்தான் புதிதாக வந்தவர்களுக்கு எடுத்துக் காட்டுவார்.

அந்தப் பாசியின் மொத்த டிஎன்ஏவையும் படிக்க வெளியூருக்கு அனுப்பினோம். கோடிக்கணக்கான எழுத்துகளாகத் திரும்பி வந்தது. அதற்குள் காவல் புரதத்தின் மரபணு போல ஒன்று கிடந்தது. அதைக் கண்ட அன்று மேடம் என் தோளைத் தொட்டார், அதற்கு முன்னும் பின்னும் தொட்டதில்லை. எங்கள் பரிணாம மரத்தில் அது எல்லாக் காவல் புரதங்களுக்கும் கீழே, அடிமரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனிக் கிளையாகப் போய் உட்கார்ந்தது. அதற்குக் காரணம் அதன் நடுவில் இருந்த முப்பத்தொரு எழுத்து, ஒவ்வொன்றும் ஒரு அமினோ அமிலம். செடிகளின் காவல் புரதம் எதிலும் இல்லாத முப்பத்தொன்று, எங்களுடையதில் மட்டும் கூடுதலாய். இது ஆதி வடிவத்தின் எச்சம், பிற்பாடு வந்தவை இதை இழந்துவிட்டன என்று மேடம் அதைப் பற்றி ஏழாம் பக்கத்தில் ஒரு முழுப் பத்தி எழுதியிருக்கிறார். வாசலுக்கு வந்து நிற்பதற்கு முன் இந்தக் காவலாளிக்கு வேறு ஏதோ வேலை இருந்திருக்கிறது, அந்த வேலையின் தழும்பு இது என்று. தட்டச்சு செய்தவள் நான், கண்ணில் நீர் வந்தது. நேற்று முன்தினம், ப்ரூஃபில் ஒரு படத்தின் கோடு தெளிவாக இல்லையென்று மூலத்தைத் திறந்து, புரதத்தை விட்டுவிட்டு டிஎன்ஏ எழுத்துகளையே பார்த்தேன். புரதத்தின் ஒரு எழுத்துக்கு டிஎன்ஏவில் மூன்று, முப்பத்தொன்றுக்குத் தொண்ணூற்று மூன்று எழுத்து. முதல் இரண்டு எழுத்து ஜி, டி. கடைசி இரண்டு ஏ, ஜி. அதைப் பார்த்ததும் காதுக்குள் ஒரு விசில். இளங்கலை முதல் வருஷத்துப் பிள்ளைக்கும் தெரியும், உட்கரு உள்ள உயிர்களின் மரபணுவில் நடுநடுவே வெட்டி எறிவதற்கென்றே துண்டுகள் இருக்கும், அவை ஜி டி என்று தொடங்கி ஏ ஜி என்று முடியும். நீலப்பச்சைப் பாசியின் புரத மரபணுவில் அதற்கு வேலையே இல்லை. அந்தத் துண்டை எடுத்துவிட்டுப் பார்த்தேன். மிச்சமிருந்தது ஒரு சாதாரணப் பச்சைப்பாசியின் சாதாரணக் காவல் புரதம். ஆதியுமில்லை, எச்சமுமில்லை. நான் கொல்லாமல் விட்ட ஏதோ ஒரு பச்சைப்பாசி என் வளர்ப்புக்குள் உட்கார்ந்து தின்று கொழுத்திருக்கிறது. பிரித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரே ஒரு தரம் நுண்ணோக்கியில் பார்த்தேன், நீலப்பச்சை இழைகளுக்கு நடுவில் உருண்டையாக, இலைப்பச்சையாக ஒன்று. செத்த வித்து என்று நினைத்துக் கண்ணாடித் தட்டை நகர்த்திவிட்டேன். நினைத்தேனா, நினைக்க விரும்பினேனா.

“என்ன செண்பகம், நேத்துலேந்து மூஞ்சி இழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாரி இருக்கு” என்று சுடலைமுத்து அண்ணன் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் பனிக்கட்டிப் பெட்டி. என்னைவிட மூன்று வருஷம் மூத்தவர், அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுக்கப்போகிறார். “என்ன ஜெல்லு இது?” என்று குனிந்து பார்த்தார். “சும்மாண்ணா. ஒரு செக்கிங்” என்றேன். “நீ செக்கிங் பண்ணிப் பண்ணியே கெழவியாகப் போற. ப்ரூஃப் வந்துட்டு, இன்னும் என்ன செக்கிங்கு, கல்யாணம் முடிஞ்சப்புறம் சாதகம் பாத்த கதையால்லா இருக்கு.” நான் சிரித்தேன். எனக்கு அப்படிச் சிரிக்க வரும், வாயின் ஒரு பக்கம் மட்டும். “மேடம் ரூம்ல இருக்காங்களாண்ணா?” “இருக்காவ. ஏழாம் பக்கத்த வாசிச்சுட்டு இருக்காவ, முகத்துல ஒரே வெளிச்சம். போய்ப் பாரேன், ட்ரீட் கேளு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “எனக்கும் ஜெர்மனிலேந்து மெயில் வந்துட்டு. பேப்பர் அச்சானதும் வேலைக்கு ஆர்டர் போடுதோம்னு சொல்லிட்டானுவ. இன்னும் வீட்டுல சொல்லல. ஒங்கிட்டதான் மொதல்ல சொல்லுதேன்” என்றார். ஏன் என்னிடம். ஏன் எல்லாரும் எதையாவது கொண்டுவந்து என்னிடமே வைக்கிறார்கள், பேசாதவளிடம் வைத்தால் பத்திரமாக இருக்கும் என்றா. அண்ணனுடைய கடைசி அத்தியாயம் முழுவதும் அந்தக் காவல் புரதம்தான். பழைய டிஎன்ஏவிலிருந்து மரபணுவை எடுத்துப் புரதத்தை உண்டாக்கி அது எதோடு ஒட்டுகிறதென்று எட்டு மாதம் பார்த்தார். அதே அண்ணன்தான் ஆறு மாதத்துக்கு முன்னால் வேறு வேலைக்காக வளர்ப்பில் மருந்து போட்டுச் சுத்தம் செய்து டிஎன்ஏ எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தார், அதைத்தான் இன்று காலையில் அவரிடம் கேட்காமல் ஒரு துளி எடுத்துப் பெருக்கி மூன்றாவது குழியில் இட்டேன். அவருடைய துளி அவருக்கு எதிராக ஓடிக்கொண்டிருக்கிறது, அவர் அதன் பக்கத்தில் நின்று “குமிழி நல்லா வருது” என்கிறார். நல்லா இருக்கும்ணா, சந்தோஷம்ணா என்றேன். அவர் போன பிறகும் கதவு கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

பதினொன்று நாற்பத்தைந்து. இன்னும் பதினைந்து. இப்போதே நிறுத்திவிட்டால் என்ன. ஜெல்லை எடுத்து நச்சுக் கழிவு வாளியில் போட்டுவிட்டால் கையளவு வழுவழுப்பு, அவ்வளவுதான், யாரும் வாளிக்குள் பார்க்கப்போவதில்லை. உலகத்தில் எத்தனையோ கட்டுரை. யாராவது கண்டுபிடித்தால் ஐந்து வருஷம் கழித்துக் கண்டுபிடிக்கட்டும், அப்போது அண்ணன் ஜெர்மனியில் இருப்பார், மேடம் ஓய்வு பெற்றிருப்பார், நான் எங்காவது ஒரு கல்லூரியில் பிள்ளைகளுக்கு இலையின் குறுக்குவெட்டு வரைந்துகொண்டிருப்பேன், அன்றைக்கு ஒரு மெயில் வரும். அல்லது மெயில் வராது, மெயில் வருமோ என்று தினமும் காலையில் நெஞ்சு அடித்துக்கொள்ளும், அது மட்டும் நடக்கும். யாராவது மருந்துப் பதிவேட்டைப் புரட்டினால் அந்தத் தேதியில் கையெழுத்து இருக்காது. நோட்டில் சேர்க்கப்பட்டது என்று இருக்கும். வெறும் தப்பென்றால் தப்பு, இது எழுதி வைத்த தப்பு. முதல் நாள் மேடம் எங்களுக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். நோட்டில் அழிரப்பர் கூடாது, வெள்ளை மை கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் மேலே ஒற்றைக் கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் கையெழுத்து, தேதி. என் நோட்டில் அப்படி ஒரு கோடு கூடக் கிடையாது என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. பேருந்தில் என் நிறுத்தம் வரும்போது இறங்கணும் என்று சொல்ல வாய் வராமல் கடைசி நிறுத்தம் வரை போய் வெயிலில் இரண்டு மைல் திரும்பி நடந்து வந்திருக்கிறேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. நடந்து வந்துவிடலாம், அதில் ஒன்றுமில்லை. இதில் எங்கே போய் இறங்கி எங்கிருந்து திரும்பி நடப்பது. அப்பா ஒரு தடவை டோக்கன் இல்லாத ஆளை உள்ளே விட்டுவிட்டார். அடுத்தவன் டோக்கனைக் காட்டினான், அப்பாவுக்கு முகம் தெரியும், தெரிந்தும் விட்டார், அவசரமோ இரக்கமோ. விசாரணையில் நான் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். பழி டோக்கனைக் கொடுத்தவன் மேல் விழுந்தது, அவனுக்கு வேலை போயிற்று. நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற காலம். அப்பா இன்றைக்கும் கடைத்தெருவில் அந்த ஆளைத் தூரத்தில் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு வழியாக வருவார், காய்கறிப் பை நிரம்பாமல். ஒரு நாள் கதவுக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தபோது அப்பா அம்மாவிடம் சொன்னது கேட்டது, “பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்கு ஒரு வாரச் சம்பளத்தோட போயிருக்கும்ட்டீ.” பிறகு மின்விசிறிச் சத்தம்.

நீலச் சாயம் முக்கால் தூரம் வந்துவிட்டது. இவ்வளவு வேகமாக அது எப்போதும் ஓடியதில்லை என்று தோன்றியது. கடிகாரத்தைப் பார்த்தால் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. மூன்றாவது குழியில் பட்டை வந்துவிடட்டும், வந்துவிடட்டும். நான் எதையோ வேண்டிக்கொண்டிருந்தேன், ஆனால் வேண்டும்போதே ஜி டி என்றும் ஏ ஜி என்றும் இரண்டு கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தன. பதினொன்று ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. மணி அடித்ததும் பதறிப்போனேன், அது அடிக்கும் என்று தெரிந்தும். ஜெல்லை எடுக்கும்போது அது கையிலிருந்து மீன் மாதிரி நழுவப் பார்த்தது. இருட்டுப் பெட்டிக்குள் வைத்து, விளக்கைப் போட்டு, ஆரஞ்சுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முதல் குழிக்கு நேரே ஏணிப்படிகள். இரண்டாவதற்கு நேரே ஒரு பட்டை, தடித்து, வெளிச்சமாக, நாங்கள் இத்தனை மாதமாகக் கொண்டாடிய உயரத்தில். மூன்றாவதற்கு நேரே கறுப்பு. கண்ணை மூடித் திறந்தேன். கறுப்பு. நான்காவது தண்ணீர், கறுப்பு. ஐந்தாவதில் அழகான ஒற்றைப் பட்டை, டிஎன்ஏ நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்குச் சொல்கிறது. சுத்தம் செய்ததும் பச்சைப்பாசி செத்துவிட்டது, அதோடு காவலாளியும் போய்விட்டான். விசித்திரமாக, பயம் குறையும் என்று எங்கோ நினைத்திருக்கிறேன் போல, தெரிந்துவிட்டால் குறையும் என்று. குறையவில்லை. படம் எடுத்தேன். அச்சு இயந்திரம் சின்னச் சத்தத்தோடு தாளை வெளியே தள்ளிற்று, தாள் சூடாக இருந்தது.

நடைவழியில் ராஜகனி அக்கா கழுவிய குடுவைகளைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். “சாப்பிடப் போவலயா பிள்ள?” என்றாள். தலையை ஆட்டினேன், எப்படி ஆட்டினேன் என்று தெரியவில்லை. ஒரு கையில் படம், ஒரு கையில் நோட்டு. கதவு. பெயர்ப்பலகை. மூன்று வெள்ளைத் திருகாணி, ஒரு பித்தளை. உள்ளே சத்தம் இல்லை. சத்தம் இல்லாவிட்டால் அவர் வாசித்துக்கொண்டிருக்கிறார். ஏழாம் பக்கம். வாசிக்கும்போது தட்டினால். கீழே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது, அல்லது வேறு கார். பன்னிரண்டு பத்து. முதுகுக்குப் பின்னால் குடுவைகள் ஒன்றோடொன்று மெல்ல இடித்துக்கொள்வது கேட்டது, அக்கா பார்க்கிறாள், சிரித்துக்கொண்டிருப்பாள். கையைத் தூக்கினேன். சுடலை அண்ணனின் குரல் குறைந்த அந்த இடம், ஒங்கிட்டதான் மொதல்ல சொல்லுதேன். கையை இறக்கினேன். நோட்டு வியர்வையில் வழுக்கியது, அதை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். இடுக்கும்போது முழங்கை கதவில் பட்டதா, நான்தான் தட்டினேனா, சத்தம் வந்துவிட்டது. “வா உள்ள” என்றார் மேடம்.

நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார், சிவப்புப் பேனா மூடியோடு தாளின் மேல் கிடந்தது. “என்ன செண்பகம், டிரைவர் வந்துட்டாரா?” நான் படத்தை மேசையில் வைத்தேன். விரலால் காட்டினேன், இரண்டாவது பழைய வளர்ப்பு, மூன்றாவது சுத்தம் பண்ணது, காவல் புரதத்துக்கு. என் குரல் வேறு யாருடையதோ மாதிரி, மெல்லிசாக, ஆனால் நிற்காமல் வந்தது. முப்பத்தொன்றைச் சொன்னேன். ஜி டியையும் ஏ ஜியையும் சொன்னேன். சிரிப்பு அவர் முகத்தில் போக இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. “மூணாவதுல டிஎன்ஏ இருக்கா?” “இருக்கு மேடம். அஞ்சாவது குழி.” கண்ணாடியை இறக்கி ஐந்தாவதைப் பார்த்தார். மறுபடி மூன்றாவதைப் பார்த்தார். மறுபடி ஐந்தாவதை. “மருந்து போட்டுத்தானே பிரிச்ச?” நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை அவர் பக்கம் திருப்பினேன். ஆறாவது வரியில் விரலை வைத்தேன். “சேத்ததா எழுதியிருக்கேன். சேக்கல மேடம்.” வெளியே யாரோ வேகமாக நடந்து போனார்கள். “ஏன்?” என்றார், கோபமாக இல்லை, காது கேளாதவர் கேட்பது மாதிரி. “சாவி உங்ககிட்ட இருந்துச்சு. கேக்க வந்தேன். கதவு வரைக்கும் வந்தேன்.” அவர் கதவைப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன், உள்ளேயிருந்து பார்த்தால் அது வெறும் பச்சைக் கதவு, திருகாணிகள் தெரியாது. “எவ்வளவு நேரம் நின்ன?” “கால் மணி நேரம்.” கீழே கார் ஒரு தடவை ஒலி எழுப்பியது. மேடத்தின் கை மேசைமேல் இருந்தது, விரல்கள் எதையோ தேடுவதுபோல் நகர்ந்தன. மேசைமணியை அழுத்திப் பியூனை வரச்சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சுடலை அண்ணனைக் கூப்பிடப் போகிறார். என்னை வெளியே போ என்று சொல்லப் போகிறார். கார் இரண்டாம் தடவை ஒலித்தது. மேடம் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து, ஏழாம் பக்கத்தை முன்னால் இழுத்து, முப்பத்தொன்றைப் பற்றிய பத்தியின் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை, வரி வரியாக, ஒற்றைக் கோடு போட்டார். ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். பிறகு பேனாவை மூடாமல், பிடியை என் பக்கம் திருப்பி, என் நோட்டின் ஆறாவது வரியின் மேல் வைத்தார்.